அத்தியாயம் 7: இருபது ஆண்டு தாங்கும் வீடு – பெங்களூரில் மூத்தோர் குடியிருப்பைத் திட்டமிடும் முறை

பெங்களூருக்குப் ‘பென்ஷன்காரர்களின் சொர்க்கம்’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் வானிலை. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர். ஏப்ரல் வெயிலிலும் இருட்டிய பிறகு வெக்கை தணிந்துவிடும். எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) என்று அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்களில் பலர் ஓய்வுக்குப் பிறகும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த வீடுகளில் பல இன்று அவர்களுக்கே தொல்லையாகிவிட்டன. மாடிப்படி முழங்காலை வதைக்கிறது. பிள்ளைகள் வேறு நாட்டில் இருக்கிறார்கள். கோடை வந்தால் டேங்கருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இந்த அத்தியாயம் 55 முதல் 70 வயதுக்குள் இருப்பவர்களுக்கானது. நன்றாக நடக்கிறீர்கள், சமைக்கிறீர்கள், பேருந்தில் ஏறி இறங்குகிறீர்கள். தனி வீடும் வேண்டும், கூப்பிட்டால் வருகிற அண்டை வீட்டாரும் வேண்டும். நண்பர்கள் சேர்ந்து கட்டினாலும், கட்டுநர் ஒருவரிடம் வாங்கினாலும், ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: எனக்கு இன்னும் 20 வயது கூடி, வருமானம் மட்டும் கூடாமல் இருந்தால், இது அப்போதும் வேலை செய்யுமா?

சூழலுக்கு இசைந்த கட்டுமானமும் இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு மூன்றையும் குறைவாகக் கேட்கும் கட்டடம்தான் 82 வயதில் கைக்கு அடங்கும்.

1. முதலில் ஆட்கள், பிறகு மனை

பெரும்பாலானோர் மனையைப் பார்த்துவிட்டு ஆள் தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு அருகே 1972இல் குடும்பங்கள் சில கூடித் திட்டமிட்டு, தனி வீடுகளும் பொதுச் சமையலறையும் கொண்ட குடியிருப்பை அமைத்தன. அந்த முறை பிறகு மூத்தோருக்கும் பரவியது. லண்டனில் 50 வயதைக் கடந்த பெண்கள் குழு ஒன்று 1998இல் கூடிப் பேசத் தொடங்கி, கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து தாங்களே வடிவமைத்த 25 வீடுகளில் 2016இல் குடியேறியது. பார்னெட் பகுதியில் உள்ள அந்தக் குடியிருப்பின் பெயர் ‘நியூ கிரவுண்ட்’. நிலமும் அனுமதியும் கிடைக்கத் தாமதமான அந்த 18 ஆண்டுகளில், யாரோடு வாழப்போகிறோம் என்பதை அவர்கள் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

பெங்களூரில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

*நீங்களே கட்டுவது:* கர்நாடகக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1959, கர்நாடக அடுக்குமாடி உடைமைச் சட்டம் 1972 ஆகியவை இதற்கான சட்ட வடிவங்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்று வழக்கறிஞரைக் கேட்டு முடிவெடுங்கள். 25 முதல் 40 வீடுகள் என்பது நல்ல அளவு. அதற்குக் குறைந்தால் காவலாளி, லிஃப்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றின் செலவு தலைக்கு அதிகமாகிவிடும். மிகவும் கூடினால் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது.

*கட்டுநரிடம் வாங்குவது:* கனகபுரா சாலையில் உள்ள சுவிதா, தேவனஹள்ளிப் பக்கம் உள்ள செரீன் அர்பானா போன்ற மூத்தோர் குடியிருப்புகள் நகரின் விளிம்பில் இருக்கின்றன. கோயம்புத்தூரிலும் இத்தகைய குடியிருப்புகள் பல உள்ளன. முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று இடங்களில் விருந்தினராகச் சில நாட்கள் தங்கிப் பாருங்கள். ஓய்வுக்கால வீடுகளுக்கென்று மத்திய வீட்டு வசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019இல் மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வீடு வாங்குபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை அது வலியுறுத்துகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்றுவிட்டுக் கட்டுநர் போய்விடுவார். உணவும் மருத்துவ உதவியும் தொடர வேண்டியது அதற்குப் பிறகுதான்.

2. இடம்

ஊருக்கு வெளியே 30 கி.மீ. தள்ளி, மாந்தோப்புக்கு நடுவில் விலை மலிவாக மனை கிடைக்கும். கார் ஓட்டும் வரை அது அழகான இடம். கண் மங்கி, சாவியை ஒப்படைத்த மறுநாளே அது சிறையாகிவிடும். எனவே மனையைத் தேர்ந்தெடுக்க இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

*நடை:* காய்கறிக் கடை, மருந்துக் கடை, வங்கி, கோயிலோ பூங்காவோ, பேருந்து நிறுத்தம் ஆகிய ஐந்தும் அரை கி.மீ.க்குள் இருக்க வேண்டும். மாலை 6 மணிக்கு, கையில் ஒரு பையோடு அந்தத் தூரத்தை நடந்து பாருங்கள். நடைபாதை எங்கெங்கே அறுந்துபோகிறது, சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*பொதுப் போக்குவரத்து:* 2023 ஜூன் முதல் ‘சக்தி’ திட்டத்தில் கர்நாடகப் பெண்கள் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் 70 வயது அம்மாவுக்கு நகரமே திறந்திருக்கும். மெட்ரோ ஊதா வழித்தடம் சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும், பச்சை வழித்தடம் தெற்கே கனகபுரா சாலையின் சில்க் இன்ஸ்டிடியூட் வரைக்கும் ஓடுகின்றன. நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தொலைவுக்குள் மனை தேடுங்கள்.

*மருத்துவமனை:* இதயம், பக்கவாதம் இரண்டுக்கும் இரவு நேரத்திலும் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு, நெரிசல் நேரத்திலும் அரை மணியில் போய்ச் சேர முடிய வேண்டும்.

*நிலத்தின் சரிவு:* பெங்களூரின் ஏரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மழைநீர்க் கால்வாய்களை இங்கே ராஜகாலுவே என்பார்கள். அவற்றை ஒட்டிய தாழ்நிலம் விலை குறைவாக இருக்கும், தொடாதீர்கள். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் சாலையின் ரெயின்போ டிரைவ் குடியிருப்பில் தண்ணீர் புகுந்து, மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மழைநீரைச் சேகரிப்பதிலும் நிலத்தில் இறக்குவதிலும் பல ஆண்டுகளாக முன்மாதிரியாகப் பேசப்பட்ட குடியிருப்பு அது. உள்ளே எவ்வளவு நன்றாகத் திட்டமிட்டாலும் மேட்டிலிருந்து வரும் வெள்ளத்தை மதிலால் மட்டும் நிறுத்த முடியாது. பழைய கிராம வரைபடத்தில் ஏரியும் கால்வாயும் எங்கே இருக்கின்றன என்று நில அளவையரை வைத்துப் பாருங்கள். விவசாய நிலமாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணை, கத்தா (சொத்துவரிப் பதிவு), வில்லங்கச் சான்று மூன்றும் இல்லாமல் பேச்சைத் தொடர வேண்டாம்.

3. தண்ணீர்க் கணக்கு

பெங்களூரில் சுவருக்கு முன் தண்ணீரைத் திட்டமிடுங்கள். காவிரி நீர் சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து பல கட்டங்களாக மேலேற்றப்பட்டு நகருக்கு வருகிறது. நகரின் விளிம்பில் பல இடங்களில் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது, குடிநீரைக் கார் கழுவவும் தோட்டத்துக்கும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. 80 வயதில் இன்னொரு 2024ஐ எதிர்கொள்ளும்படி உங்கள் திட்டம் இருக்கக் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு: 40 வீடுகளில் 60 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் ஆண்டுக்குச் சுமார் 22 லட்சம் லிட்டர் வேண்டும். பெங்களூரின் சராசரி ஆண்டு மழை சுமார் 970 மி.மீ. கூரைப் பரப்பு 1,000 சதுர மீட்டர் என்றும், விழும் மழையில் 80 சதவீதம் கைக்கு வருமென்றும் வைத்தால், கிடைப்பது சுமார் 7.75 லட்சம் லிட்டர். தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். கழிப்பறைக்கு ஒருவருக்கு 30 லிட்டர் என்று கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 6.6 லட்சம் லிட்டர்; அதைச் சுத்திகரித்த நீரால் ஈடுகட்டலாம். இரண்டையும் செய்தால் வெளியிலிருந்து வர வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

இதைச் செயலாக்க வேண்டியவை:

- மழை ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். முழுவதையும் சம்ப்பில் அடைக்க இயலாது. சம்ப் நிறைந்ததும் மிச்சம் தானாகவே மீள்நிரப்புக் கிணறுகளுக்குப் போகும்படி குழாய் அமையுங்கள். 3 அடி விட்டம், 20 முதல் 30 அடி ஆழம் கொண்ட சிமெண்ட் வளையக் கிணறுகள் போதும். இதில் தலைமுறை அனுபவம் உள்ளவர்கள் மண்ணு வட்டர் சமூகத்துக் கிணறு வெட்டுநர்கள். பயோம் அறக்கட்டளை முன்னெடுத்த ‘பத்து லட்சம் கிணறுகள்’ இயக்கம் அவர்களுடைய திறமையை நகரத்துக்கு மறுபடி நினைவூட்டியது.
- மழைநீர் சேகரிப்பைப் பெங்களூர் 2009இல் சட்டமாக்கியது. அனுமதிக்காகப் பெயருக்கு ஒரு தொட்டி வைக்காதீர்கள். ஜெயநகரில் குடிநீர் வாரியம் அமைத்திருக்கும் விஸ்வேஸ்வரய்யா மழைநீர் சேகரிப்புப் பூங்காவைக் குழுவோடு போய்ப் பாருங்கள். முறைகள் அனைத்தும் கண்ணெதிரே காட்சியில் உள்ளன.
- முதல் நாளிலிருந்தே இரட்டைக் குழாய் போடுங்கள். குளியலுக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. பிறகு சுவரை உடைத்துப் போடுவது பெரும் செலவு.
- சுத்திகரிப்பு நிலையத்தை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் ஓடும் காற்றூட்டிகளைக் கொண்ட எந்திரம், ஆள் இல்லாத நாளில் நாறத் தொடங்கும். காற்றில்லா அறைகளும் செடி நட்ட ஜல்லிப் படுகையும் கொண்ட பரவல் முறைச் சுத்திகரிப்புக்கு அடிப்படை நிலையில் மின்சாரமே தேவையில்லை. பெங்களூரிலேயே இயங்கும் சி.டி.டி. சொசைட்டி இதில் அனுபவமுள்ள அமைப்பு. கழிப்பறைக்கு அனுப்பும் முன் அந்த நீரை வடிகட்டிக் கிருமி நீக்க வேண்டும்.
- வீட்டுக்கு ஒரு மீட்டர் வையுங்கள். ரெயின்போ டிரைவ் செய்ததுபோல், அளவு கூடக் கூட விலையும் கூடும் கட்டணமுறை வைத்தால் சண்டை இல்லாமல் சிக்கனம் வரும்.

4. சுவர், தரை, காற்று, வெளிச்சம்

இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய ‘அஸ்திரா’ மையத்தில் கே.எஸ். ஜெகதீஷும் சகாக்களும் வளர்த்தெடுத்த அழுத்த மண்கல் இந்த ஊருக்குப் பொருத்தமான பொருள். அடித்தளத்துக்கும் சம்ப்புக்கும் தோண்டிய செம்மண்ணோடு மணலோ குவாரித் தூளோ கலந்து, 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் சேர்த்து, எந்திரத்தில் அழுத்தி, நீர் ஊற்றிப் பதப்படுத்துவார்கள். சூளை இல்லை, விறகோ கரியோ எரிப்பதில்லை, லாரி ஓட்டமும் குறைவு. மண்ணைப் பரிசோதித்து, ஒவ்வொரு தொகுதியிலும் சில கற்களை எடுத்து வலிமை பார்க்கும் மேஸ்திரி கிடைத்தால் மட்டும் இதில் இறங்குங்கள். சாரல் அடிக்கும் பக்கங்களில் கூரை இரண்டடியாவது வெளியே நீண்டிருக்கட்டும்.

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். மேற்கு வெயிலைப் படிக்கட்டு, பரண் அறை போன்றவை தாங்கிக்கொள்ளட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரெதிரான இரு பக்கங்களில் சன்னல் இருந்தால் பெங்களூரில் ஏ.சி. வேண்டியதில்லை. மூத்தோர் வீடுகளைப் பற்றி 2009இல் பிரிட்டனில் வெளியான ‘ஹேப்பி’ அறிக்கையும் இருபக்க வெளிச்சத்தையும் காற்றையும் முக்கியமாக வலியுறுத்தியது. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் மூத்த உடம்புக்கு இங்கே குளிர் தாங்காது. காலை வெயில் விழும் ஓரிடம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் கூடாது. 60 வயதுக் கண்ணில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாக, ஆள் எழுந்தால் தானே எரியும் சிறு விளக்குகள் போடுங்கள்.

தரைக்குப் பளபளப்பான டைல் வேண்டாம். தேவனஹள்ளிப் பக்கத்துச் சாதரஹள்ளிக் கருங்கல்லைச் சொரசொரப்பாகக் கொத்தி வெளி நடைபாதைகளுக்குப் போடலாம். தரையும் சுவரும் ஒரே நிறத்தில் இருந்தால் மங்கிய கண் குழம்பும், நிறத்தை வேறுபடுத்துங்கள்.

5. வீட்டுக்குள் அளவுகள்

இந்தப் பட்டியலைப் படியெடுத்துப் பொறியாளரிடமும் மேஸ்திரியிடமும் கொடுங்கள்.

- கதவுகள்: திறந்த பின் நிகர அகலம் 900 மி.மீ. கழிப்பறைக் கதவும் இதில் அடக்கம்.
- நிலைவாசல்: கீழ்ச் சட்டத்தைத் தரை மட்டத்துக்குப் பதியுங்கள். மஞ்சள் குங்குமம் வைக்கலாம், கோலம் போடலாம்; கால் இடறாது, சக்கர நாற்காலியும் தடையின்றிப் போகும்.
- குளியலறை: உள்ளே 1,500 மி.மீ. விட்டத்தில் சக்கர நாற்காலி திரும்ப இடம். ஈரப் பகுதிக்கும் உலர் பகுதிக்கும் நடுவே படி கூடாது. லேசான சரிவும் நீள வடிகாலும் போதும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.
- கழிப்பறை இருக்கை: 450 முதல் 480 மி.மீ. உயரம். கைப்பிடிக் கம்பியை இன்று மாட்டாவிட்டாலும், அது வரவேண்டிய இடத்தில் சுவரை இப்போதே உறுதிப்படுத்துங்கள். உட்கார்ந்து குளிக்கத் திண்டும் கைக்குழாயும் வையுங்கள்.
- அழைப்புக் கயிறு: தரையை எட்டும் நீளத்தில் தொங்க வேண்டும். விழுந்தவர் கைக்குத்தான் அது தேவை.
- சமையலறை: மேடையின் ஒரு பகுதியை உட்கார்ந்து காய் நறுக்கும் உயரத்தில், கீழே கால் நுழையும்படி அமையுங்கள். அன்றாடப் பாத்திரங்கள் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். எரிவாயுக் கசிவு எச்சரிக்கை மணி கட்டாயம் வேண்டும்.
- பூஜை: நாற்காலியில் உட்கார்ந்தே விளக்கேற்றும் உயரம்.
- இரண்டாவது சிறு அறை: இன்று பேரப்பிள்ளைக்கு, நாளை உதவியாளருக்கு.
- சரிவுப்பாதை: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். இருபக்கமும் 760, 900 மி.மீ. என இரண்டு உயரங்களில் கைப்பிடி.
- லிஃப்ட்: ஸ்ட்ரெச்சர் படுத்த நிலையில் நுழைய வேண்டும், மின்தடையிலும் ஓட வேண்டும்.

6. கூடும் இடங்கள்

மூத்தோர் குடியிருப்பு ஒரு குடும்பமாக மாறுவது பொதுச் சமையலறையில்தான். எல்லோரும் தினமும் அங்கே சாப்பிட வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு ஒன்று பொதுவாக இருந்தாலே போதும். யார் வரவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். தனியாக இருப்பவருக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. வீட்டுக் கதவுகளை அந்தக் கூடத்துக்குப் போகும் வழியிலேயே அமையுங்கள். வாசலில் ஒரு திண்ணை, மையத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கட்டெ (மேடை), உள்ளே ஒரு நடைவட்டம், அதில் 30 மீட்டருக்கு ஓர் இருக்கை இருந்தால் வெளியே வரத் தயங்குபவரும் வருவார். நிழலுக்குப் புங்கையும் வேம்பும் நடுங்கள். காற்றில் கிளை முறியும் குல்மொஹரை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள்.

கை ஓயாத மனிதர்களுக்கு வேலை வேண்டும்: மாடித் தோட்டம், தச்சுப் பட்டறை, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் அறை, நூலகம். இவற்றில் இரண்டையாவது தெருவைப் பார்த்து வைத்து, வெளியாரும் வந்துபோக விடுங்கள். மதில் கட்டி ஒதுங்கிய குடியிருப்பில் முதுமை வேகமாக வரும்.

நினைவாற்றல் குறையும் நாளையும் மறைக்காமல் பேசுங்கள். 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை, பெங்களூரில் மறதிநோய் உள்ளவர்களுக்காகப் பணியாற்றுகிறது. மூத்தோருக்கான தேசிய உதவி எண் 14567. அதை லிஃப்டிலும் பொதுக்கூடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

7. மாதச் செலவு

பென்ஷன் ஏறும் வேகத்தைவிடப் பராமரிப்புக் கட்டணம் வேகமாக ஏறும். அதைக் கட்டுக்குள் வைக்கும் வழி வரைபடத்திலேயே இருக்கிறது. வெந்நீருக்குச் சூரிய ஹீட்டர், பொது மின்சாரத்துக்குக் கூரைத் தகடுகள். 2024இல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில், குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தெருவிளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் அதில் அடங்கும். ஈரக் கழிவை உள்ளேயே உரமாக்கினால் தோட்டத்துக்குச் செலவு குறையும்.

நுழையும்போதே ஒரு பொது நிதியைச் சேர்த்து, அதன் வட்டியில் பெயின்ட், மோட்டார், லிஃப்ட் பழுது ஆகியவற்றைப் பார்க்கும்படி விதி எழுதுங்கள். ஒருவர் காலமானால் வீடு யாருக்கு, வாரிசு இளையவராக இருந்தால் குடியேறலாமா, விற்றால் சங்கத்துக்கு முதல் உரிமை உண்டா, வாடகைக்கு விடலாமா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பதிலைப் பத்திரத்தில் எழுதாமல் அடிக்கல் நாட்டாதீர்கள்.

8. கையெழுத்துக்கு முன்

1. திட்டம் கர்நாடக மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவாகியிருக்கிறதா?
2. கடந்த கோடையில் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அண்டை வீட்டாரிடம் கேட்டீர்களா?
3. சுத்திகரிப்பு நிலையத்தை ஐந்தாம் ஆண்டில் யார் இயக்குவார்? எந்தச் செலவில்?
4. சேவை நிறுவனத்தை மாற்றும் அதிகாரம் குடியிருப்போரிடம் இருக்கிறதா?
5. இரவு 2 மணிக்கு மணி அடித்தால் யார் வருவார்? எத்தனை நிமிடத்தில்?
6. தம்பதியில் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவரால் இந்த வீட்டைத் தனியாக நடத்த முடியுமா?

ஆறாவது கேள்விக்குத் திடமாக ‘ஆம்’ என்று சொல்ல முடியாவிட்டால் கையெழுத்திட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் முடிவெடுக்கட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு தேடும் வீட்டில் உங்கள் விருப்பத்துக்கு இடமிருக்காது. எங்கே இடம் காலியோ அங்கேதான் போக வேண்டியிருக்கும். மனை பார்க்க, அனுமதி வாங்க, கட்ட, ஒருவரோடொருவர் பழக ஆண்டுகள் பிடிக்கும். எனவே பணியிலிருந்து ஓய்வு பெறும் ஆண்டிலேயே நண்பர்களை அழைத்து முதல் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள்.